பொட்டு ஒட்டிய போர்டுகள்

இந்திராணி உட்காரும் மேசையின் விளிம்பில் எப்போது பார்த்தாலும் ஏழெட்டு ஸ்டிக்கர் பொட்டு வரிசையாக ஒட்டியிருக்கும். கறுப்புப் பொட்டு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. டெஸ்ட் ரூமுக்குள் போகிற பெண்கள் புருவம் வரைக்கும் துணித் தொப்பி மாட்ட வேண்டும். வேர்வையில் பொட்டு தொப்பியோடு வந்துவிடும். அதனால் உள்ளே போகும்போதே பிய்த்து மேசையில் ஒட்டிவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் சிலர் மறந்துவிடுவார்கள். மறந்த பொட்டெல்லாம் இந்திராணி மேசைக்கு வந்து சேரும்.

பொட்டை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கடைசியில் அவளைப் பிடித்துக் கொடுத்தது அதுதான். அது மட்டும் இல்லை, நானும்தான்.

என் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. வல்லம் வடகாலில் ஒரு சின்ன கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

நாங்கள் செய்வது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றதும் டிவிப் பெட்டி மாதிரி நினைத்துவிடக் கூடாது. சீட்டுக்கட்டு அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். எல்லாமே அந்த ஒரு பலகைக்குள் அடக்கம். போர்டு என்று சொல்வோம். நடுவில் நகத்தளவுக்கு ஒரு சிப் இருக்கும். யோசிக்கிற வேலையெல்லாம் அது பார்க்கும். லிஃப்டுக்குள், பார்க்கிங் கேட்டில், தண்ணீர் மோட்டாரில் என்று எங்கெங்கேயோ கொண்டுபோய் வைக்கிறார்கள்.

அந்தச் சிப்புக்கு எவ்வளவு வோல்ட்டேஜ் போகலாம் என்று வரம்பு கட்டுவதுதான் இந்திராணியின் வேலை. மொத்தமே ஒரு வோல்ட்டுக்குக் குறைவான சங்கதி. அதை ஆயிரமாகப் பிரித்து எண்ணூற்று ஐம்பது, எண்ணூற்று இருபத்தைந்து என்று எண் போடுவாள். எனக்கு இதெல்லாம் விளங்காமல் ஒருநாள் கேட்டேன்.

"ஏன் தாயி, கரண்டு வருதுன்னா வந்துட்டுப் போவட்டும். அதுக்கு எதுக்கு வேலி?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணாச்சி, உன் வண்டி ஆக்ஸிலேட்டருக்கு அடியில ஒரு கட்டைய வெச்சுட்டா இன்னா ஆவும்?"

"ஒரு அளவுக்கு மேல மிதிக்க முடியாது."

"அதான் மேல் வரம்பு. கட்ட சின்னதா இருந்தா நல்லா மிதிக்கலாம், ஆனா இஞ்சின் சூடாவும். பெருசா வெச்சா சூடாவாது, டீசலும் மிச்சம். சமதரையில ஜோரா போவும். மேம்பாலம் ஏறச் சொல்லு?"

"நின்னுரும்."

"இதுவும் நின்னுடும். ஒவ்வொரு வண்டிக்கும் எம்மாம் பெரிய கட்டைன்னு பாக்குறதுதான் என் வேல. போதுமா? போயி லோட ஏத்து."

அதற்கப்புறம் வேறு யார் விளக்கமும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரே மாதிரி இருக்கும் சிப்புகள் ஒரே மாதிரி இருக்காதாம். ஒன்று எண்ணூறிலேயே ஓடும், பக்கத்தில் இருக்கிறது எண்ணூற்று ஐம்பது கேட்கும். இந்திராணி ஒவ்வொரு போர்டையும் மாட்டி, அதற்குக் கடுமையான வேலை ஒன்றைக் கொடுத்து, எண்ணை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் குறைத்துக்கொண்டே வருவாள். ஒரு கட்டத்தில் திரை அப்படியே உறைந்து நிற்கும். அங்கிருந்து இரண்டு படி மேலே ஏற்றி, அதுதான் இந்தப் போர்டுக்கு என்று முடிவு செய்வாள்.

அதையும் சும்மா செய்ய மாட்டாள். படப்பை மார்க்கெட்டில் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி, கழுவி, உள்ளே நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். எட்டுப் போர்டை அதற்குள் வைத்து மூடி, வெயிலில் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குள் எவ்வளவு வேகுமோ அவ்வளவு வேகவைத்துத்தான் பார்ப்பாள். "ஏசி ரூம்ல எல்லாம்தான் ஓடும்" என்பாள். எத்தனை தரம் கழுவினாலும் பல்பு சூடேறினால் லேசாக வஞ்சிரம் வாடை வரும். டெஸ்ட் ரூம் பெண்கள் மத்தியானம் அதை வைத்தே அவளைக் கலாய்ப்பார்கள். "இந்திராணிக்கா, இன்னிக்கி போர்டு வறுவலா, குழம்பா?"

அவள் பிறந்தது வடகாலில்தான். பன்னிரண்டாவது முடித்ததும் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கிற பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். அது மூடியபோது கையில் பெண் குழந்தை. அந்தக் குழந்தை சுவாதி இப்போது பாலிடெக்னிக் போகிறாள். கணவர் மாரிமுத்து ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வாட்ச்மேன். எங்கள் கம்பெனிக்கு இந்திராணி ஒரு காண்ட்ராக்டர் மூலமாக வந்து ஆறு வருஷம். பதினோரு மாதம் வேலை, அப்புறம் பத்து நாள் 'பிரேக்', அப்புறம் புது ஆள் மாதிரி மறுபடியும் சேர்க்கை. ஒவ்வொரு முறையும் போட்டோ கேட்பார்கள். "ஆறு போட்டோ குடுத்துட்டேன். வயசாவுறத கம்பெனிதான் பத்திரமா வெச்சினுகீது" என்பாள்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சிவப்பு நாடா அடையாள அட்டை. நிரந்தர ஆட்களுக்கு நீலம். சிவப்பு நாடாவுக்குக் கம்ப்யூட்டரில் நுழைய எண் கிடையாது. எங்கள் பக்கம் முக்கால்வாசி சின்ன கம்பெனிகளில் இதுதான் நடைமுறை. காலையில் லைன் லீடர் வந்து தன் எண்ணைப் போட்டுத் திறந்து வைப்பார். நாள் முழுக்க எல்லோரும் அதில்தான் வேலை செய்வார்கள். டெஸ்ட் ரூமுக்கு லைன் லீடர் சபாபதி. ஆறு வருஷத்தில் இந்திராணி வரம்பு கட்டிய போர்டு எத்தனை ஆயிரமோ, அத்தனையும் ரெக்கார்டில் சபாபதி கட்டியது. சபாபதி நல்ல மனுஷன்தான், ஆனால் எண்ணைப் போட்டுவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்திருப்பார்.

பொங்கல் கழிந்து ஒருநாள் மேனேஜர் ஜகந்நாதன் இந்திராணியைக் கூப்பிட்டு, இந்த வருஷம் டெஸ்ட் ரூமில் ஒருவரை நிரந்தரம் ஆக்கப்போகிறோம், உன் பெயர் போயிருக்கிறது, ஜூனில் வரும் என்றார். அன்று சாயங்காலம் அவள் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா அண்ணாச்சி, நீலக் கயிறு எனக்கு நல்லா இருக்குமா?"

"உன் மூஞ்சிக்கு எந்தக் கயிறும் ஒண்ணுதான்."

"எகத்தாளம். என் நம்பர்ல ஒரு போர்டாவது இந்தக் கேட்ட தாண்டிப் போவணும் அண்ணாச்சி. அன்னிக்கி உனக்கு டீ நான் வாங்கித் தரேன்."

ஆறு வருஷத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

மார்ச்சில் அறுநூறு போர்டுக்கு ஆர்டர் வந்தது. படப்பை, மணிமங்கலம் பக்கம் புதுசு புதுசாக வீட்டுமனைகள் போடுகிறார்கள் இல்லையா, அங்கே போர்வெல் மோட்டாரைத் தானாகப் போட்டுத் தானாக நிறுத்துகிற பெட்டி செய்யும் கம்பெனி ஒன்று. பெட்டிக்குள் போர்டு ரொம்பச் சூடாகிறது, குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சென்னை ஆபீசில் பிரவீன்குமார் என்று ஒரு இன்ஜினியர் தம்பி. இருபது போர்டை எடுத்து மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, எல்லாவற்றுக்கும் மேல் வரம்பு எண்ணூறு என்று ஒரே ஃபைல் செய்து அனுப்பிவிட்டார். அந்த ஃபைலைப் போர்டில் ஏற்றினால் வேலை முடிந்தது. நாற்பது நிமிஷம் எடுத்த வேலை நான்கு நிமிஷமாகிவிட்டது. கம்பெனிக்குக் கசக்குமா?

இந்திராணி புது ஃபைல் ஏற்றிய எட்டுப் போர்டை மீன் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். நான்கு உறைந்து நின்றுவிட்டன. சபாபதியிடம் போனாள். நான் அப்போது பெட்டி கட்டுகிற இடத்தில்தான் இருந்தேன்.

"அண்ணே, இது வெயில்ல ஓடாது. எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா, டெஸ்ட் பண்ணது யாருன்னு கேப்பாங்க. லாகின் யாருது? என்னுது. இன்னா வெச்சு டெஸ்ட் பண்ணேன்னு கேப்பாங்க. மீன் பொட்டின்னு சொல்லவா? எனக்கு ரெண்டு பசங்க கீறாங்கம்மா."

"அப்ப நானே அந்த சார்கிட்ட பேசுறேன். போன் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தார். பிரவீன்குமார் மரியாதையாகத்தான் பேசினார். ஸ்பீக்கரில் கேட்டது. "அக்கா, நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா பல்ப் வெச்ச பாக்ஸ்ல எடுத்த ரீடிங்க என்னால ரிப்போர்ட்ல காட்ட முடியாது. சர்டிபிகேட் இருக்கிற ஓவன்ல பண்ணணும். அதுக்கு ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், வாங்கித் தரல."

"அப்ப எண்ணூறுதானா சார்?"

"இப்போதைக்கு எண்ணூறுதான்க்கா."

அடுத்த வாரம் அந்த மோட்டார் பெட்டிக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். அதற்கு முதல் நாளே ஜகந்நாதன் டெஸ்ட் ரூமைச் சுற்றி வந்து மீன் பெட்டியைக் கண்டார். "டாக்குமெண்ட்ல இல்லாத வஸ்து ஃப்ளோர்ல இருக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நான்தான் வண்டியில் போட்டுக்கொண்டு போய்ப் பழைய சாமான் கடைப் பக்கம் வீசினேன். பல்பை மட்டும் கழற்றி அவளிடம் கொடுத்தேன். வாங்கி, கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அவள் அந்த வேலையைத் தொடங்கினாள். ஃபைல் ஏற்றி முடித்த போர்டைத் திரும்பத் திறந்து, எண்ணூறு என்று இருந்த இடத்தில் எண்ணூற்று ஐம்பது என்று மாற்றினாள். ஒரு போர்டுக்கு ஒரு நிமிஷம். சபாபதி கேன்டீன் போனபோது, சாப்பாட்டு வேளையில், ஷிப்ட் மாறுகிற பத்து நிமிஷத்தில். ஆனால் அவள் ஷிப்டில் வருகிற போர்டு பாதிதான். அதிலும் கையில் சிக்கியது மட்டும்தான். மற்றது நேராகப் பேக்கிங் போய்விடும். எது மாற்றியது, எது மாற்றாதது என்று தட்டில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, மாற்றிய போர்டின் அடிப்பக்கத்தில் மேசை விளிம்பிலிருந்து ஒரு பொட்டை எடுத்து ஒட்டினாள்.

லோடு ஏற்றும்போது ஒரு பெட்டி சரிந்து, ஒரு போர்டு கவிழ்ந்து கிடந்தது. பார்த்தேன்.

"என்ன தாயி இது, போர்டுக்குப் பொட்டு வச்சிருக்கே. பொண்ணு பாக்க வாராவளா?"

அவள் முகம் மாறிவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "கண்ணுக்குத் தெரிஞ்சே நின்னுபோற போர்ட எப்டி அண்ணாச்சி அனுப்புறது? வாயத் தொறக்காத. உங்க ஊர் அம்மன் மேல சத்தியமா தொறக்காத."

தொறக்க மாட்டேன் என்று சொன்னேன். அந்தப் பொட்டையாவது பிய்த்துப் போடு என்றும் சொன்னேன்.

"இருக்கட்டும். நாளைக்கி எது என்னுதுன்னு எனக்காவது தெரியணும் இல்ல."

கடைசி லோடு போகிற வரைக்கும் அவள் மாற்றியது இருநூற்றுப் பதினான்கு.

கத்திரி வெயில் தொடங்கிய நான்காம் நாள் முதல் போன் வந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. மோட்டார் தானாக நிற்காமல் தொட்டி வழிந்து தெருவெல்லாம் தண்ணீர், இல்லை என்றால் மோட்டார் ஓடவே ஓடாமல் நான்கு தெருவுக்குத் தண்ணீர் இல்லை. பழுதான போர்டைக் கழற்றிக்கொண்டு வருவதற்கு என்னை அனுப்பினார்கள். நான்கு ஸ்குரூ, இரண்டு பிளக். அதற்கு இன்ஜினியர் வேண்டாம் என்பது கம்பெனியின் எண்ணம்.

படப்பைக்கு அந்தாண்டை ஒரு புது மனைப் பகுதியில் குடத்தோடு பத்துப் பெண்கள் நின்றார்கள். மீனம்மாள் என்று ஒரு அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"வாய்யா கம்பூட்டரு. மூணு நாளா உனக்குத்தான் காத்துனு கீறோம்."

"நான் டிரைவரும்மா."

"டிரைவரு கையில ஸ்குரூ டிரைவர் குடுத்து அனுப்பிச்சாங்களா? கையால சுவிட்சு போட்டப்ப ஒழுங்கா தண்ணி வந்துச்சு. அறிவு வெச்ச பொட்டின்னு கொணாந்து வெச்சீங்க, வெயிலு வந்ததும் அதுக்கே மயக்கம் போட்டுச்சு. எங்க மூஞ்சில தெளிக்கவே தண்ணி இல்ல, அதும் மூஞ்சில எத்த தெளிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த இரும்புப் பெட்டியைத் தொட்டேன், கை சுட்டது.

இரண்டு வாரத்தில் அறுபத்தொரு போர்டு திரும்பியது. வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அட்டைப் பெட்டியில் அடுக்கும்போது ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. இன்னொரு தரம் பார்த்தேன். இல்லை. நான் படிக்காதவன், ஆனால் இது எனக்கே விளங்கியது. அவள் தொட்டது ஒன்றும் நிற்கவில்லை.

கம்பெனிக்குத் திரும்பியபோது அங்கே வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்ட் ரூமில்தான் தப்பு நடந்திருக்கிறது, ஒழுங்காகச் சோதிக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று சென்னை ஆபீசிலிருந்து எழுதியிருக்கிறார்களாம். நிரந்தரப் பட்டியலிலிருந்து இந்திராணி பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். கேன்டீனில் சபாபதியே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இந்திராணி வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. சத்தியம் செய்ததெல்லாம் நினைவில்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? பழுதான அறுபத்தொன்றும் ஆபீஸ் சொன்ன எண்ணில் இருப்பது. அவள் எண்ணில் இருப்பது ஒன்றுகூடத் திரும்பவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நேராக ஜகந்நாதன் அறைக்குப் போனேன். ஒன்பது வருஷத்தில் முதல் தரமாக, "உட்காருங்கோ கோமதிநாயகம்" என்றார். ஏசி சில்லென்று இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மீன் பெட்டி, போன் பேச்சு, எண்ணூற்று ஐம்பது, பொட்டு. அவர் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை போர்டுன்னு சொன்னேள்?"

"எரநூத்திப் பதினாலு சார். அவ சொன்னா. பொட்டு வச்சதைப் பூராம் பாருங்க சார், ஒண்ணுகூட நிக்கல. அந்தப் பிள்ள சொன்னதுதான் சரி."

"ம். இதை எழுத்துல கொடுத்தா நன்னா இருக்கும்."

எனக்குக் கோவையாக எழுத வராது என்றேன். அவரே கம்ப்யூட்டரில் அடித்து, எடுத்து, படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருந்தது. ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தேன். ஜூனில் ஒரு டீ பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் எங்கள் மூன்று பேரையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். சபாபதி, இந்திராணி, நான். சென்னையிலிருந்து பிரவீன்குமாரும் வந்திருந்தார். மேசையில் நான் கையெழுத்துப் போட்ட காகிதம். ஜகந்நாதன் மோட்டார் பெட்டிக் கம்பெனியிலிருந்து வரவழைத்த ஒரு நல்ல போர்டைக் கவிழ்த்து வைத்தார். நடுவில் பொட்டு.

"சபாபதி, இது உங்க லாகின். வாடிக்கையாளர் ஒத்துண்ட எண்ணை மாத்தியிருக்கேள்."

"நான் இல்ல சார். சத்தியமா எனக்குத் தெரியாது சார்."

"பேப்பர்ல யார் பேர் இருந்தாலும், ரெக்கார்டு உங்க பேர்லதான் இருக்கு."

சபாபதி தன் நீல நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் பதினாறு வருஷ ஆள். இந்திராணி அவரைப் பார்த்தாள். மேசையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும், கேட் பாஸில் தினமும் பார்க்கிறவள். என்னை அவள் பார்க்கவில்லை.

"நான்தான் சார் மாத்துனேன். அண்ணனுக்குத் தெரியாது" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். "சார், அது மாத்தினதுனாலதான் சார் அதெல்லாம் ஓடுது. தம்பி, நீங்களாவது சொல்லுங்க. நிக்கிறது எது, ஓடுறது எது?"

பிரவீன்குமார் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணூற்று ஐம்பதுல நல்லாத்தான் ஓடும் சார்" என்றார், மெதுவாக.

"அது வேற விஷயம்" என்றார் ஜகந்நாதன். கோபமே இல்லை அவர் குரலில். "நாளைக்கு அவா கேப்பா. உங்க கிட்டேர்ந்து வர அறுநூறு போர்டுல எதுல எந்த எண் இருக்குன்னு உங்களுக்கே தெரியாதான்னு கேப்பா. நான் என்ன சொல்றது? பொட்டு வெச்சு அடையாளம் வெச்சிருக்கோம்னு சொல்றதா? பழுதானது டிசைன் பிராப்ளம். அதைச் சரி பண்ணிக்கலாம். இது கை வெச்சது. ரெண்டும் ஒண்ணு இல்லை."

"அப்ப என் காயிதத்தைக் கொடுத்துருங்க சார். நான் சொல்லவே இல்லைன்னு வச்சுக்கிடுங்க."

"அதெல்லாம் நேத்தே மெயில்ல போயாச்சு, கோமதிநாயகம்."

திங்கட்கிழமை முதல் அவளை அனுப்ப வேண்டாம் என்று காண்ட்ராக்டருக்கு ஒரு போன் போயிற்று. அவ்வளவுதான். வேலையிலிருந்து நீக்க ஒரு காகிதம்கூடத் தேவைப்படவில்லை. ரெக்கார்டுப்படி அவள் எங்கள் கம்பெனியில் வேலையே செய்யவில்லை. சிவப்பு நாடாவைக் கேட்டில் கழற்றிக் கொடுத்தாள். தொப்பியையும் கொடுத்தாள். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. நெற்றியில் பொட்டு இல்லாமல், என்னைத் தாண்டி ரோட்டுக்குப் போய் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

மேசை விளிம்பில் மூன்று பொட்டு இருந்தது. அடுத்து உட்கார்ந்த பெண் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். இப்போது மேசையில் எதுவும் ஒட்டக் கூடாது என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது.

ஜூன் முதல் வாரம் புது ஃபைல் வந்தது. திருத்தம் இரண்டு என்று பெயர். தயாரித்தவர் பிரவீன்குமார், சரிபார்த்தவர் சபாபதி. நான் சபாபதியிடம் போய், "எண்ணு என்ன?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "எண்ணூத்தி அம்பது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

அறுநூறு போர்டையும் மாற்ற வேண்டும் என்று உத்தரவு. பழுதானது, பழுதாகாதது எல்லாம். பழையதைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டிப் பழையதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியது என் வேலை.

மணிமங்கலம் தாண்டி ஒரு மனைப் பகுதி. தொட்டிக்கு அடியில் பெட்டியைத் திறந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. போர்டில் பச்சை விளக்கு நிதானமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரலை அடியில் விட்டுத் தடவிப் பார்த்தேன். கடுகு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

ஜகந்நாதனுக்குப் போன் போட்டேன்.

"சார், இது நல்லா ஓடுது சார். இதுல இருக்கதும் எண்ணூத்தம்பதுதான். புதுசுலயும் அதுதான். இதை ஏன் சார் கழட்டணும்?"

"ஓடறது முக்கியம் இல்லை கோமதிநாயகம். ரெக்கார்டுல இருக்கற போர்டுதான் சைட்ல இருக்கணும். கழட்டிண்டு வாங்கோ."

கொஞ்ச நேரம் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தேன். கழற்றாமல் போய்விடலாமா என்று யோசித்தேன். திருப்பிக் கொடுக்கிறபோது எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தால் கேட்பார்கள். கழற்றினேன். மோட்டார் நின்றது. புதுசை மாட்டினேன். மோட்டார் ஓடியது. எந்த வித்தியாசமும் இல்லை.

மீட்டிங் அறைக்கு வந்த ஒன்று போக மீதி இருநூற்றுப் பதின்மூன்றையும் அப்படிக் கழற்றினேன். எதுவும் நின்றுபோயிருக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, உடைப்பதற்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆடி மாதம் ஒரகடம் சந்திப்பில் அவளைப் பார்த்தேன். சிக்னலில் வண்டி நின்றது, ஓரத்தில் அவள் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். ஏதோ பிளாஸ்டிக் மூடி வார்க்கிற கம்பெனியில் பேக்கிங்காம். கழுத்தில் புதுச் சிவப்பு நாடா. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை, வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன்.

"தாயி, நான் நல்லது நெனச்சுத்தான் சொன்னேன்."

"தெரியும் அண்ணாச்சி."

"சத்தியத்தை மீறிட்டேன்."

"விடு. சுவாதிகூட கேட்டா, அந்த அண்ணாச்சி மேல கோவமான்னு. இல்லன்னுதான் சொன்னேன்." ரோட்டில் ஷேர் ஆட்டோ வருகிறதா என்று பார்த்தாள். "பொட்டு வெச்சதையும் கழட்டிட்டீங்களாமே. சபாபதி அண்ணன் சொன்னாரு."

"ஆமா."

"யாரு கழட்டுனது?"

"நான்தான்."

"ஓடிகினு இருந்துச்சா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எல்லாமே."

"எல்லாமேவா?"

"எல்லாமே தாயி. ஒண்ணுகூட நிக்கல."

அவள் தலையாட்டினாள். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே ஏழு பேர். ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் கேட்டாள்.

"அப்புறம் ஏன் அண்ணாச்சி கழட்டுனே?"

ஆட்டோக்காரன் கிளப்பிவிட்டான். பின்னால் இருந்து ஒரு கன்டெய்னர் லாரி, என் வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தது. எடுத்தேன்.